சூட்டில் மூடியைத் தொடாதே

அன்புள்ள தம்பிக்கு,

மேடேறும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குக் கிட்டே போகிறது என்று ஒரு வரி அனுப்பினாய். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. வண்டிக்கு என்ன ஆனது என்றாவது சொல்லியிருக்கலாம். சரி, வேலை இருக்கும். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடாதே.

முள் ஏறும்போது ஃபேன் இரைச்சல் கூடுகிறதா என்று கேள். கூடவில்லை என்றால், சூடேறும்போது ஃபேனை எஞ்சினோடு சேர்த்து வேகமாகச் சுற்றவைக்கும் ஃபேன் கிளட்ச் பிடிக்கவில்லை. அந்தச் சத்தத்தை உன் காது தவறவிடாது. சத்தத்தை வைத்தே பழுதை மெக்கானிக்குக்கு முன்னால் கண்டுபிடித்தவன்தானே நீ. இரைச்சல் கூடியும் பாரத்தோடு மட்டும் சூடேறினால் பெரும்பாலும் ரேடியேட்டரில் அடைப்புதான்.

கிரில்லைத் திறந்து பார்த்துவிட்டு சுத்தமாக இருக்கிறது என்று சொல்லாதே. முன்னால் தெரிவது ஏசி கண்டன்சரும், எஞ்சினுக்குப் போகும் காற்றை ஆற்றும் இன்டர்கூலரும். ரேடியேட்டர் அதற்குப் பின்னால். பூச்சி, உமி, தூசி எல்லாம் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில்தான் கம்பளி மாதிரி படிந்து நிற்கும். இன்டர்கூலரின் போல்ட்டைக் கழற்றி, ஹோஸ் இழுபடாமல் ஒரு சாண் முன்னால் சாய்த்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். ஃபேன் பக்கம் ஒரு விளக்கைப் பிடித்து முன்னாலிருந்து பார். வெளிச்சம் வராத இடமெல்லாம் காற்றும் போகாத இடம். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள், கேபினைத் தூக்கினால் லாக் விழுந்ததா பார், பிறகு கையை விடு.

தண்ணீர் முதலில் வேண்டாம். காய்ந்த தூசியை நனைத்தால் சேறாகி, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்னுக்குள் இறுகிவிடும். முதலில் ஏர் கன், அதுவும் ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாக. வந்த வழியே வெளியே தள்ள வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். முனையை ஒரு அடி தள்ளி, ஃபின்னுக்கு நேராகப் பிடி. சாய்த்து அடித்தால் ஃபின் மடங்கிப் படுத்துவிடும். வாட்டர் வாஷில் பிரஷர் கன்னைக் கிட்டே கொண்டுபோய்ப் பீய்ச்சுவார்களே, அந்த ஒரு கழுவலே பாதி ஃபின்னைச் சாய்த்துவிடும். பக்கத்தில் நின்று தடுக்க வேண்டியது நீ.

அழுக்கு பிசுபிசுப்பாக இருந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது. எஞ்சினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை வெளியே விடும் பிரீதர் ஹோஸைப் பார். அந்த ஆவியை நிறுத்தாமல் கழுவினால் மறுபடியும் அதே கதைதான். அலுமினியத்துக்கு ஆகும், எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் டிகிரீசரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் மேலிருந்து கீழே அலசு. காஸ்டிக் சோடா கலந்தது வேண்டாம், அலுமினியத்தைத் தின்றுவிடும்.

உள்பக்கம் அடுத்தது. எஞ்சின் முழுக்க ஆறட்டும். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பார். சூடில்லாமல், விறைப்பில்லாமல் மெத்தென்று இருந்தால்தான் மூடியைத் திற. உள்ளே பழுப்புக் கூழ் மாதிரி எண்ணெய் மிதந்தால் கழுவிப் பயனில்லை, எண்ணெயை ஆற்றும் ஆயில் கூலரோ, எஞ்சின் தலைக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கும், வண்டியை எடுக்காதே. துருவோ வெள்ளைக் காரையோ மட்டும் என்றால், வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றி, ஹீட்டரை முழுக்கத் திறந்து எஞ்சினை ஓடவிடு. ரேடியேட்டரின் கீழ் ஹோஸும் சூடானால், சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் பத்து நிமிடம் ஓட்டி, ஆறவைத்து, வடி. தெளிந்த தண்ணீர் வரும்வரை இதேதான். வடித்த கூலன்ட்டை, அதாவது எஞ்சினை ஆற்றும் திரவத்தை, தரையில் விடாதே. இனிக்கும், விஷம், நாய் நக்கிவிடும்.

நிரப்பும்போது கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. ஏற்கெனவே கலந்து வருவது என்றால் தண்ணீர் சேர்க்காதே. பழையது என்ன வகையோ அதுவே வேண்டும். வகை மாறினால் சில சமயம் கூழாகிவிடும். குழாய்த் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு டியூபுக்குள் காரையாகப் படியும். சிலிண்டர் உறையின் வெளிப்பக்கம் நேரடியாகத் தண்ணீரில் நிற்கும் வெட் லைனர் எஞ்சினில் கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீர் ஓடினால் லைனரில் பொத்தல் பொத்தலாக விழும். காற்று வெளியேற மெதுவாக ஊற்று, மறுநாள் காலையில் மட்டத்தை மறுபடி பார்.

வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடலாம் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அது தப்பு. எஞ்சினுக்கே திரும்பும் குறுக்கு வழியான பைபாஸ் திறந்தே கிடந்து, தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். கழற்றியிருந்தால் புதிதாக ஒன்று போடு.

அதைவிடப் பெரிய தப்பு அந்த ஈரச் சாக்கு. எஞ்சின் சூடாக இருக்கும்போதே மூடியில் அதைப் போட்டு அழுத்தித் திருகலாம் என்று காட்டியதும் நான்தான். மூடி 1 பார் அழுத்தம் பிடித்தால் உள்ளே தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். திறந்த நொடியில் அழுத்தம் போகும், ஆவியும் கொதிநீரும் சேர்ந்து பாயும். ஈரச் சாக்கு அதைத் தடுக்காது. சித்தப்பாவின் கையைப் பார்த்த பிறகும் உன்னிடம் அதை நான் திருத்திச் சொல்லவில்லை. கற்றுக்கொடுத்தவனே தப்பு என்று ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சாக்கு இன்னும் உன் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். எடுத்துப் போட்டுவிடு. போட்டுவிட்டேன் என்று ஒரு வரி அனுப்பு, கை நன்றாக இருக்கிறது என்பதையும் சேர்த்து.

அப்பா