ஆர்கன் மெல்ல நுழையும் இடம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி மாடி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு மான்செஸ்டரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

போன வாரம் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன்-சான்ஸின் மூன்றாவது சிம்பொனி கேட்டேன். 'ஆர்கன் சிம்பொனி' என்றால்தான் பலருக்குத் தெரியும். 1886இல் இதே லண்டனில்தான் அரங்கேறியது. ஃபில்ஹார்மானிக் சொசைட்டி என்ற இங்குள்ள இசைச் சங்கம் கேட்டு எழுதியது, நடத்தியதும் அவரே.

பெயரில்தான் ஆர்கன், தேவாலயங்களில் இருக்குமே, அந்தப் பெரிய குழாய் வாத்தியம். முதல் பத்து நிமிடம் அது வாயே திறப்பதில்லை. வயலின்கள் பதறிப் பதறி ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்புறம் எல்லாம் அடங்கி, மெதுவான பகுதி தொடங்கும்போது ஆர்கன் நுழைகிறது. அதுவும் சத்தமில்லாமல். அடிச்சுரம் காதுக்கு எட்டுமுன் நாற்காலிக் கைப்பிடியில் தெரிந்தது. விரல் லேசாக அதிர்ந்தது. அதன்மேல் தந்திக் கருவிகள் எல்லாம் ஒரே மெட்டை அவசரமே இல்லாமல் வாசிக்கின்றன. பாரிஸின் மதலேன் தேவாலயத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆர்கன் வாசித்தவர் அல்லவா, அதை எங்கே அடக்கி வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

கடைசிப் பகுதியில் ஆர்கனில் திடீரென்று பல சுரங்கள் ஒன்றாக விழும் சி மேஜர் கார்டைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். பக்கத்து சீட்டுக்காரர் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார், பாவம்! எனக்கென்னவோ அதற்கு அடுத்த சில நொடிகள்தான் பிடித்தன: ஒரே பியானோவில் இரண்டு பேர் உட்கார்ந்து மினுமினுவென்று சுரங்களைத் தூவ, தொடக்கத்தில் பதறி ஓடிய அதே கருவை வயலின்கள் மெல்லச் சொல்லும் இடம். இதற்குப் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் உயிரோடிருந்தும் மனிதர் இன்னொரு சிம்பொனி எழுதவில்லை.

உன்னிடம் இருக்கும், பேரன்பாயிம் நடத்திய ரெக்கார்டில் ஆர்கெஸ்ட்ரா சிகாகோவில் வாசித்தது. ஆர்கனை மட்டும் பிரான்சின் ஷார்த்ர் தேவாலயத்தில் தனியே பதிந்து சேர்த்திருக்கிறார்கள். ஒட்டுவேலைதான், ஆனாலும் அருமை. தயவுசெய்து செல்போனில் மட்டும் கேட்காதே, அடிச்சுரம் அதில் வரவே வராது. தம்பி வீட்டில் அந்தப் பழைய பெரிய ஸ்பீக்கர் இன்னும் இருக்கிறதா? அதில் போட்டுக் கேட்டுவிட்டு நாலு வரி எழுது.

ஜனவரியில் சென்னை வரலாம் என்றிருக்கிறேன். டிக்கெட் இன்னும் போடவில்லை.

அன்புடன்,
ரகு