அக்டோபர் 15 எல்லோருக்கும் உரிய தேதி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், 'எனக்கு 65 வயதாகப் போகிறது, மெடிகேரில் எப்போது சேரலாம்?' என்று, 65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். 'அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை' என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. தேதிகள் தப்பில்லை. ஆனால் அவை ஏற்கெனவே மெடிகேரில் இருப்பவர்கள் திட்டம் மாற்றிக்கொள்ளும் நாட்கள். புதிதாகச் சேர வேண்டியவர் அவற்றை நம்பிக் காத்திருந்தால், எங்கள் வீட்டில் நடந்தது அவர் வீட்டிலும் நடக்கும்.

என் கணவருக்கு 2021 மார்ச்சில் 65 முடிந்தது. அப்போது வேலையில் இருந்தார். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தின் இன்சூரன்ஸ் இருந்தால், மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதியான பார்ட் பி-யைத் தள்ளிப்போடலாம், அபராதம் கிடையாது. அதுவரை நாங்கள் செய்தது சரிதான். 2022 ஜூன் கடைசியில் வேலை போனது. ஹெச்.ஆர்.காரர்கள், "கோப்ரா எடுத்துக்கொள்ளுங்கள், பதினெட்டு மாதம் இதே இன்சூரன்ஸ் தொடரும், அப்புறம் மெடிகேருக்குப் போய்க்கொள்ளலாம்" என்றார்கள். நம்பினோம். நிறுவனம் கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழு பிரீமியத்தையும் எங்கள் கைக்காசில் கட்டினோம்.

பதினெட்டு மாதம் முடியப்போகும் 2023 டிசம்பரில், அரசு ஓய்வூதியத்தையும் மெடிகேர் சேர்க்கையையும் கவனிக்கும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா எங்கள் டோக்கன் சீட்டை வாங்கித் திருப்பிப்போட்டு, ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று ஒவ்வொரு மாதத்தின் முதல் எழுத்தாக எழுதிக்கொண்டே வந்தார். எட்டாவதாக பிப்ரவரி. அதற்குப் பக்கத்தில் நெடுக ஒரு கோடு போட்டார். வேலை போன மறுமாதத்திலிருந்து எட்டு மாதம்தான் உங்களுக்கான சிறப்புக் காலம், அது போன பிப்ரவரியோடு முடிந்துவிட்டது என்றார். "நாங்கள் இன்சூரன்ஸ் இல்லாமல் ஒரு நாள்கூட இருக்கவில்லையே" என்றேன். வேலையில் இருக்கும்போது வரும் இன்சூரன்ஸ் மட்டும்தான் கணக்கு, கோப்ரா சேராது என்றார். என் கணவர் அந்தச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

சிறப்புக் காலம் தவறியவர்களுக்கு ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை பொதுச் சேர்க்கைக் காலம் இருக்கிறது. ஜனவரியில் எழுதிக்கொடுத்தோம், பிப்ரவரி 1 முதல் பார்ட் பி வந்தது. 2023-க்கு முன்பு என்றால் ஜூலை வரை காத்திருக்க வைத்திருப்பார்கள். அந்த விதியை மாற்றியது எங்கள் நல்ல காலம். ஆஸ்பத்திரியில் தங்கும் செலவுக்கான பார்ட் ஏ அவருக்கு இலவசம் என்பதால் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் டாக்டரிடம் போவதற்கான இன்சூரன்ஸ் அந்த ஜனவரி முழுக்க இல்லை. பனி உறைந்த வாசற்படியில் அவர் கால் வைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

அபராதக் கணக்கு இது: தாமதமான ஒவ்வொரு முழுப் பன்னிரண்டு மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் கூடும், பார்ட் பி இருக்கும்வரை கட்ட வேண்டும். 2025-ல் பார்ட் பி-யின் அடிப்படை பிரீமியம் மாதம் 185 டாலர். எங்களுக்கு அதோடு 18 டாலர் 50 சென்ட். பிரீமியம் ஏறினால் இதுவும் ஏறும். இதைவிடப் பெரிய அடி வேறொன்று. 2023-ல் அவருக்கு இதயப் பரிசோதனைகள் நடந்தன. நீங்கள் மெடிகேருக்குத் தகுதி உள்ளவர், முதலில் கொடுக்க வேண்டியது மெடிகேர், அதன் பங்கை நாங்கள் தர மாட்டோம் என்று கோப்ரா திட்டத்திலிருந்து கடிதம் வந்தது. பிரீமியத்தை ஒரு மாதம் விடாமல் வாங்கிக்கொண்டவர்கள் எழுதிய கடிதம் அது. அந்த பில்களையும் நாங்களே கட்டினோம்.

நான் சொல்ல வருவது இதுதான்: மெடிகேரில் முதன்முதலாகச் சேர ஊருக்கெல்லாம் பொதுவான தேதி கிடையாது. அவரவர் பிறந்த மாதத்தை வைத்துத்தான் கணக்கு. 65 முடியும் மாதம், அதற்கு முன் மூன்று, பின் மூன்று, ஆக ஏழு மாதம். ஆகஸ்டில் பிறந்தவருக்கு மே மாதம் தொடங்கி நவம்பரில் முடியும். ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு எல்லாமே ஒரு மாதம் முன்னால் நகரும். முதல் மூன்று மாதத்துக்குள் கொடுத்தால் 65 முடியும் மாதத்தின் முதல் நாளே காப்பீடு தொடங்கிவிடும்.

65 வயதானால் அட்டை தானாக வீட்டுக்கு வரும் என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். சோஷியல் செக்யூரிட்டி பணம் ஏற்கெனவே வாங்குகிறவர்களுக்குத்தான் தானாக வரும். 1960-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு முழு ஓய்வூதிய வயது 67. அதனால் அந்தப் பணத்துக்கு 67 வரை பொறுத்திருப்பவர்கள் நிறைய. மெடிகேருக்கோ 65-தான். நடுவில் உள்ள இந்த இரண்டு வருடத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள். தொண்ணூறுகளில் ஹெச்-1பி விசாவில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நம் தலைமுறை இப்போது சரியாக இந்த வயதில் நிற்கிறது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பிள்ளைகள் க்ரீன் கார்டில் அழைத்து வந்த அப்பா அம்மாக்களுக்குக் கணக்கு வேறு. 65 தாண்டியவராக இருந்தாலும் இங்கே தொடர்ந்து ஐந்து வருடம் வசித்த பிறகுதான் தகுதி வரும். அந்த ஐந்தாம் வருடம் நிறைவதைச் சுற்றித்தான் அவர்களுடைய ஏழு மாதம். எங்கள் தெருவில் கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு மாமி இருக்கிறார். "நான் இருபது வருஷமா வரி கட்டறேன், அம்மாவுக்கு ஃப்ரீயாத்தானே கிடைக்கும்" என்று அவர் மகன் நினைத்திருந்தார். பிள்ளையின் வேலைக்காலம் பெற்றோருக்குச் சேராது. தானோ தன் துணையோ இங்கே பத்து வருடம் வேலை செய்திருந்தால்தான் பார்ட் ஏ இலவசம். இல்லாவிட்டால் விலைக்கு வாங்க வேண்டும். 2025-ல் முழு விலை மாதம் 518 டாலர். விலைக்கு வாங்குகிறவர்கள் தாமதித்தால் அதற்கும் அபராதம் உண்டு. அந்த மகன் அம்மா வந்திறங்கிய தேதியை பாஸ்போர்ட்டில் தேடிப் பார்த்தபோது ஏழு மாதத்தில் இன்னும் இரண்டு மாதம் மீதம் இருந்தது. அன்றைக்கே விண்ணப்பித்தார்.

பார்ட் டி எனும் மருந்துக் காப்பீட்டையும் விட்டுவிடாதீர்கள். 'நான் மாத்திரையே சாப்பிடுவதில்லை' என்று அதை எடுக்காமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். அதற்கு ஈடான வேறு மருந்துக் காப்பீடு இல்லாமல் 63 நாள் போனால், விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் 1 சதவீதம் அபராதம் ஏறும்.

மெடிகேப் விஷயத்தை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவற்றில் தவறினால் பணம்தான் போகும், இதில் தவறினால் கதவே மூடிக்கொள்ளும். மெடிகேர் கொடுப்பது போக நம் தலையில் விழும் பங்கைக் கட்டுவது மெடிகேப். 65 ஆனவர் பார்ட் பி-யில் சேர்ந்த மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை, சர்க்கரையோ பைபாஸோ எது இருந்தாலும் கம்பெனி மறுக்க முடியாது, அதைச் சொல்லி விலையைக் கூட்டவும் முடியாது. அதற்கப்புறம் பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையைக் கேட்டுவிட்டு மறுக்கலாம். எங்கள் சிநேகிதி ஒருவர் பிரீமியம் இல்லை, பல் வைத்தியமும் உண்டு என்று, மெடிகேரைத் தனியார் கம்பெனிகள் தங்கள் வழியாகத் தரும் அட்வாண்டேஜ் திட்டத்தில் சேர்ந்தார். முதல் ஒரு வருடத்துக்குள் என்றால் திரும்பி வர வழி இருக்கிறது. அவர் மூன்றாம் வருடம் புற்றுநோய் வந்தபின் அதை விட்டு மெடிகேப்புக்கு மாற நினைத்தார். எந்த மெடிகேப் கம்பெனியும் எடுத்துக்கொள்ளவில்லை. ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் இருந்திருந்தால் வருடத்தில் எந்த நாளும் வாங்கியிருக்கலாம். அங்கே சட்டம் அப்படி. எங்கள் நியூ ஜெர்சியில் அப்படி இல்லை. அட்வாண்டேஜ் கூடாது என்று நான் சொல்லவில்லை, அதில் நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. ஆனால் அந்த ஆறு மாதம் எதற்கு என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

சரி, அக்டோபர் 15 எதற்கு? அட்வாண்டேஜோ பார்ட் டி-யோ வைத்திருப்பவர்களுக்கு, அடுத்த வருடம் என்னென்ன மாறுகிறது என்று செப்டம்பர் கடைசிக்குள் ஒரு கடிதம் வரும். விளம்பரக் காகிதங்களோடு அதையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உங்கள் டாக்டரும் மாத்திரையும் அடுத்த வருடமும் அதே திட்டத்தில் இருக்கிறார்களா என்று பார்த்து, தேவையென்றால் டிசம்பர் 7-க்குள் மாற்றினால் ஜனவரி 1 முதல் அமலுக்கு வரும். அட்வாண்டேஜில் இருப்பவர்களுக்கு மட்டும் ஜனவரி முதல் மார்ச் வரை இன்னும் ஒரு தடவை மாற்றிக்கொள்ள இடம் உண்டு.

எந்த மாநிலத்திலும் ஷிப் என்ற அரசு ஆலோசனைத் திட்டம் இருக்கிறது. கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் ஹைகேப் என்பார்கள். காசு வாங்க மாட்டார்கள், எதையும் விற்கவும் மாட்டார்கள். நாங்கள் அங்கே முதலிலேயே போயிருக்க வேண்டும். நிறுவனமே தப்பாக வழி சொல்லியிருந்தால் சேர்வதற்குத் தனிச் சலுகை ஒன்று 2023 முதல் இருக்கிறது என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டோம். எங்களுக்குத் தப்பாகச் சொன்னது 2022-ல் என்பதால் அது எங்களுக்கு உதவவில்லை. ஹெச்.ஆரில் யார் எதைச் சொன்னாலும் இமெயிலில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள்: அந்தக் கேள்வி கேட்ட வாசகருக்கு அடுத்த இதழிலேயே திருத்தம் போடுங்கள். அவருடைய ஏழு மாதம் எப்போது என்று நமக்குத் தெரியாது, ஒரு மாதம் தாமதித்தாலும் அவருக்கு நஷ்டமாகலாம். முடிந்தால் மாதாமாதம் ஒரு சின்னக் கட்டம் போட்டு, இந்த மாதம் யார் யாருக்குச் சேர்க்கை தொடங்குகிறது, யாருக்கு முடிகிறது என்று தமிழில் எழுதுங்கள். ஆங்கிலக் கையேடு வீட்டுக்கு வந்தாலும் பிரித்துப் படிக்காத பெரியவர்கள் உங்கள் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிக்கிறார்கள்.

எனக்கு வரும் ஜனவரியில் 65 முடிகிறது. இத்தனை நாள் ஒபாமாகேர் சட்டப்படி தனியாக வாங்கிய இன்சூரன்ஸ் திட்டத்தில் இருக்கிறேன். கோப்ரா மாதிரி அதுவும் கணக்கில் சேராது, தள்ளிப்போட முடியாது. எங்கள் சமையலறையில் மாட்டியிருக்கும் முருகன் படக் காலண்டரில் சஷ்டி, கிருத்திகையோடு அக்டோபர் 1-ஐயும் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அன்று காலையிலேயே விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்தையும் சரிபார்த்தது என் கணவர்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
எடிசன், நியூ ஜெர்சி