குற்றம் பேசுகிறவர்களுடையதன்று, கூடத்தினுடையது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் அண்மைக்காலமாக எழும் அலுவலகங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: வழவழப்பான டைல்ஸ் தரை, கண்ணாடித் தடுப்புகள், பூசிய கான்கிரீட் கூரை, உப்புக்காற்று நுழையாதபடி அடைத்த சன்னல்கள், ஏசி. மண்டபம் பகுதியில் நான் பணிபுரிவதும் அப்படியொரு கூடத்தில்தான். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் தொடர்பாக மீனவர்கள் திரளும் நாள்களில், எஞ்சின் இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் உழன்று காது மந்தமான பெரியவர்கள், தம் வங்கிக் கணக்கு எண்ணை நான்கு முறை உரக்கச் சொல்கிறார்கள். கேட்க வேண்டிய எழுத்தருக்குப் புரியாத அந்த எண், கேட்கக் கூடாத அனைவர் காதிலும் விழுகிறது. 'அமைதி காக்கவும்' என்ற பலகையால் இது தீரவில்லை.

கடினமான பரப்புகள் ஒலியை உள்வாங்காமல் திருப்பியடிப்பதால், ஒரு சொல்லின் எதிரொலி அடங்குமுன் அடுத்த சொல் அதன்மேல் விழுந்து குழம்புகிறது. உடனே ஒவ்வொருவரும் குரலை உயர்த்துகிறார்கள். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரைக் கூடமொன்றில் குரல் ஏறத்தாழ ஐந்தரை விநாடி தங்கி நின்றதை ஆராய்ந்த இயற்பியலாளர் வாலஸ் சபைன், இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பியே அந்த நேரத்தைக் குறைத்துக் காட்டினார். நம் கூடங்களிலும் குறை அதுவே. மெத்தென்ற பரப்பு மருந்துக்கும் இல்லை.

மேசை நாற்காலிகள் மறைக்காத பெரும்பரப்பு கூரைதான் என்பதால், முதலில் அங்கே ஒலி உறிஞ்சும் பலகைகளைப் பொருத்த வேண்டும். தெர்மாகோல் ஒட்டுவது பயன் தராது; அதன் நுண்ணறைகள் மூடியவை, ஒலி உள்ளே புகாது. தீத்தடுப்புக்குப் பதப்படுத்திய தென்னை நார்ப் பலகைகள் உதவும். மெல்லிய பலகை கீச்சொலியை மட்டுமே அடக்கும். கூரைக்கும் பலகைக்கும் இடையே சற்று இடைவெளி விட்டால் தாழ்ந்த குரலும் ஓரளவு அடங்கும். வாங்கும் பலகை எங்கள் கடற்கரை ஈரப்பதத்தில் தொய்யாத வகையா என்று கேட்டறிவது மிக அவசியம். ஜெனரேட்டரின் அதிர்வுக்கு மட்டும் இவை போதா. அதற்கு ரப்பர் தாங்கிகள் தனியே வேண்டும்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபல் என்று வரம்பிட்டது வெளிப்புறச் சூழலுக்கு. கட்டடத்தின் உள்ளே ஒலி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 2016-இன் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் தனிப்பிரிவே உண்டு. ஆனால் எங்கள் ஊர்களில் அதைப் புரட்டிப் பார்த்துக் கட்டியதாகத் தெரியவில்லை. ஆகவே, பொதுமக்கள் வந்துபோகும் புதிய அலுவலகங்களின் மதிப்பீட்டில், டைல்ஸுக்கும் கண்ணாடிக்கும் தொகை எழுதும்போதே ஒலி உறிஞ்சும் கூரைக்கும் தொகை எழுதப்பட வேண்டும் எனப் பொறியாளர்களையும் அதிகாரிகளையும் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மண்டபம்.