பெஞ்சு இரண்டு, நாடகம் ஆறு

அன்புள்ள மாப்ளே,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? தங்கச்சி உன்னை தினமும் காலையில் நடக்கக் கூட்டிப் போவதாகக் கேள்விப்பட்டேன், சந்தோஷம், அதை மட்டும் நிறுத்திவிடாதே. இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு மதுரைக்கே மாறுதல் கிடைத்துவிட்டது, இனி வீட்டிலிருந்தே வேலைக்குப் போகலாம். போனில் இதையெல்லாம் சொல்லியிருப்பேன், ஆனால் இந்தத் தடவை எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் போன சனி ஞாயிறு நடந்ததைப் போனில் சொன்னால் பாதிதான் உன்னிடம் வந்து சேரும்.

நாடகம் போட்டுவிட்டோம்டா. ஆறு குறுநாடகம். ஆறும் புதுசு, ஆறையும் எழுதியது நம் ஊர்க்காரர்கள், அதில் ஐந்து பேர் இதற்கு முன்னால் ஒரு வரி வசனம்கூட எழுதியதில்லை. இரண்டு நாளும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டு மணிக்குள் முடித்தோம். முதலில் பேசி வைத்திருந்த மண்டபம் கடைசி வாரத்தில் கையை விரித்துவிட்டது, அதைப் பற்றி இனி பேசிப் பிரயோஜனமில்லை, ஒரு பள்ளிக்கூடத்து மாடி ஹால் கிடைத்தது, நூற்றைம்பது பேர் நெருக்கி உட்காரலாம். இரண்டாம் நாள் ஜன்னல் திண்டில் எல்லாம் ஆட்கள்.

யோசனை எங்களுடையது இல்லை. நம் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள், ஐ.டி. கம்பெனியில் வேலை, சென்னையில் இருந்தபோது ஷார்ட் அண்ட் ஸ்வீட் விழாவில் நடித்தவள். 2002-ல் சிட்னியில் தொடங்கிய விழா அது, பிறகு சென்னைக்கும் வந்தது, ஒரு நாடகத்துக்குப் பத்து நிமிடம்தான் என்பது அதன் கணக்கு. நாம் பதினைந்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் எழுதுவது இந்த ஊர் ஆளாக இருக்க வேண்டும், நடக்கிற இடம் இந்த ஊராக இருக்க வேண்டும் என்றாள். நான் தயங்கினேன். பதினைந்து நிமிடத்தில் என்ன சொல்லிவிட முடியும் என்றுதான் நினைத்தேன். தெருவில் நோட்டீஸ் ஒட்டினோம், நூலகத்தில் சொல்லி வைத்தோம், முப்பத்தொரு பிரதி வந்து சேர்ந்தது. அப்போதுதான் புரிந்தது, முழு நாடகம் எழுது என்றால் யாரும் எழுத மாட்டார்கள், வேலைக்குப் போய்த் திரும்பி வந்து சோறாக்குகிறவர்களுக்கு இரண்டு மணி நேர நாடகம் எழுத ஏது நேரம்? பதினைந்து நிமிடம் என்றதும் ராத்திரி உட்கார்ந்து எழுதிவிட்டார்கள்.

நாம் இருபது வயதில் போட்டதெல்லாம் யார் எழுதியது என்று யோசித்துப் பார். 1978-ல் மு. ராமசாமி இங்கே நிஜ நாடக இயக்கம் தொடங்கி, அதைப் பார்த்துப் பைத்தியம் பிடித்துத்தானே நாமும் இறங்கினோம். வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்காரின் நாடக மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, கல்கத்தாத் தெருவைப் பற்றி மதுரைத் தெருவில் நின்று பேசினோம். அது தப்பில்லை, குரலும் உடம்பும் நமக்கு அங்கேதான் திறந்தது. ஆனால் உன் தெருவைப் பற்றி நீயோ, என் தெருவைப் பற்றி நானோ எழுதவே இல்லையே. நாற்பது வருஷம் கழித்து இந்தப் பிள்ளைகள் அதைச் செய்கிறபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

முதல் நாடகம் ஓர் ஆட்டோ ஓட்டுநர் எழுதியது. ஒரு கிழவி ஆட்டோவில் ஏறி, தங்கம் தியேட்டர் வாசலில் இறக்கிவிடு என்கிறாள். ஓட்டுகிற பையனுக்கு வயது இருபத்திரண்டு, அவனுக்கு அப்படியொரு தியேட்டர் இருந்ததே தெரியாது. அவள் ஒவ்வொரு திருப்பத்திலும் இப்போது இல்லாத இடத்தையே அடையாளம் சொல்கிறாள், இவன் இப்போது இருக்கிற கடையைச் சொல்கிறான், இருவரும் ஒரே ஊரைத்தான் சொல்கிறார்கள். மேடையில் இருந்தது இரண்டு பெஞ்சு மட்டும். முன் பெஞ்சில் அவன், பின் பெஞ்சில் அவள், வேகத்தடை வரும்போதெல்லாம் இருவரும் ஒன்றாக ஒரு குலுங்கு. அதை மட்டும் மூன்று வாரம் பழகினார்கள். அந்தப் பையன் தவித்துப்போய் "தங்கம் தியேட்டர் எங்கே இருந்துச்சுன்னு யாராச்சும் சொல்லுங்களேன்" என்று கேட்கும் இடம் பிரதியில் அவன் தனக்குத்தானே பேசிக்கொள்வதாகத்தான் இருந்தது. சனிக்கிழமை அவன் அதைச் சொன்னதும் கூட்டத்திலிருந்து நாலைந்து பெரியவர்கள், "பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம்தாம்ப்பா, நேராப் போ" என்று வழி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தர் எழுந்தே நின்றுவிட்டார். கிழவியாக நடித்த அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, எங்கள் அடுத்த தெரு, இதுதான் முதல் மேடை. அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, "ஆமா, அங்கதான்" என்று மெதுவாகச் சொன்னார். பிரதியில் இல்லாத வசனம். ஞாயிற்றுக்கிழமையும் அதை வைத்துக்கொண்டோம்.

அப்புறம் நர்ஸ் எழுதினது. இதைப் பற்றித்தான் உனக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வார்டு வெளி வராண்டா, ராத்திரி. முன்பின் தெரியாத இரண்டு பெண்கள், ஒருத்தியிடம் பாய் இருக்கிறது, இன்னொருத்தியிடம் மூன்றடுக்குத் தூக்குச்சட்டி இருக்கிறது. இவள் பாயில் பாதியை அவளுக்குக் கொடுக்கிறாள், அவள் சாப்பாட்டில் பாதியை இவளுக்குக் கொடுக்கிறாள். அவ்வளவுதான் கதை. உள்ளே யாருக்கு என்ன நோய், யார் பிழைத்தார், யார் போனார் என்று ஒன்றும் சொல்லவில்லை. முதல் பிரதியில் எல்லாம் எழுதியிருந்தார், டாக்டர் வந்து பேசுவார், அழுகை இருக்கும். ஒத்திகையில் வாசித்தபோது அவரே, "நிஜத்துல டாக்டர் வந்து இவ்வளவு நேரம் பேச மாட்டார் சார்" என்று சொல்லி அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது அந்தப் பாயும் தூக்குச்சட்டியும். நடித்த பெண் வீட்டில் நிஜமாகவே புளிசாதம் கிளறிக்கொண்டு வந்தாள். மேல் அடுக்கின் மூடியை அவள் நெம்பித் திறந்ததும் பெருங்காயமும் நல்லெண்ணெயும் கலந்த வாசம் முதல் வரிசையில் ஆரம்பித்துப் பின்னால் கதவு வரைக்கும் போனது, ஹாலில் ஒரு சத்தம் இல்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த வராண்டாவில் உட்கார்ந்து சாப்பிடாத குடும்பம் நம் ஊரில் எது, சொல்.

மூன்றாவது ஒன்று. எழுதியது ஒரு கல்லூரிப் பெண், அவள் அப்பா ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், கதாநாயகன் வேஷம். உனக்குத் தெரியும், ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்களை ஒவ்வொருவராகத் தனித்தனியே பேசித்தான் கூட்டி வருவார்கள், சேர்ந்து ஒத்திகை கிடையாது, ராத்திரி பத்து மணிக்கு மேடையேறி விடிய விடிய வள்ளி திருமணம் போகும். அந்த நாடகங்களை எழுதின சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் போய்ச் சேர்ந்தார், அவர் பாட்டை வைத்து இன்னும் திருவிழாவுக்குத் திருவிழா அடுப்பு எரிகிற வீடுகள் இந்த ஊரில் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பெண் பதினைந்து நிமிட நாடகம் எழுதினாள். விடியற்காலை ஐந்தரை மணி, அப்பா வேஷம் கலைக்காமல் வீட்டுக்கு வருகிறார், பொண்ணுக்கு எட்டு மணிக்குப் பரீட்சை, தேங்காய் எண்ணெய் தேய்த்து அவள் அவர் முகத்தைத் துடைத்துவிடுகிறாள், துடைக்கத் துடைக்க அவர் அவளிடம் பாடம் கேட்கிறார். அவர் பள்ளிக்கூடத்துக்கு வரக் கூடாது என்று முன்பு ஒருமுறை அவள் சொல்லியிருக்கிறாள், அது ஒரே ஒரு வரியில் வந்து போகும். நிஜ அப்பா இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் மேடைக்குப் போய் நடித்த பையனின் காதோரம் ஒட்டியிருந்த ரோஸ் பவுடரைத் தன் துண்டால் துடைத்துவிட்டார், ஒன்றும் பேசவில்லை.

மற்ற மூன்றில் இரண்டு நன்றாகவே போயின, ஒன்று இன்னும் வேக வேண்டியது. அதில் ஒன்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுதியது, வைகையில் தண்ணீர் இல்லாமல் போனது பற்றி. சனிக்கிழமை அது முழுக்கப் பேச்சாக இருந்தது, ஜனம் நெளிய ஆரம்பித்துவிட்டது, அவரும் அதைப் பார்த்தார். ராத்திரியே உட்கார்ந்து நான்கு நிமிடத்தை வெட்டிவிட்டு, ஆற்றைப் பற்றிப் பேசின இடத்தில் ஒரு ஆள் மணலில் கையால் ஊற்று தோண்டுவதை மட்டும் வைத்தார். ஞாயிறு அதே நாடகத்துக்கு அப்படி ஒரு கைதட்டல். அறுபத்தெட்டு வயதில் ஒரே ராத்திரியில் தான் எழுதியதை அப்படித் தைரியமாக வெட்டின மனுஷனை நான் வணங்குகிறேன்.

ஆறு நாடகம் என்றால் நடுவில் ஐந்து முறை மேடையை மாற்ற வேண்டும், அதுதான் பெரிய கவலையாக இருந்தது. அதனால் ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டோம், இரண்டு பெஞ்சு, மூன்று நாற்காலி, ஒரு மேசை, இதற்கு மேல் எதுவும் கிடையாது. தரையில் ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒவ்வொரு நிறத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தோம். ஹாலில் திரை இல்லை, முழு இருட்டும் வராது, அதனால் மறைக்காமல் நடிகர்களே வெளிச்சத்திலேயே தூக்கி வைத்தார்கள், ஒரு பையன் கஞ்சிரா வாசித்தான். ஆட்டோவாக இருந்த பெஞ்சு ஆஸ்பத்திரி வராண்டாவாகி, அப்புறம் வீட்டுத் திண்ணையாவதைக் கண்ணெதிரே பார்க்கிறதே ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. மைக் வைக்கவில்லை. நாடகம் நடக்கும்போது ஃபேனை நிறுத்திவிடுவோம், இல்லையென்றால் குரல் பின்னால் எட்டாது. வியர்வையோடு உட்கார்ந்து கேட்டார்கள், ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

இன்னொன்று. ஒத்திகையின்போது பிள்ளைகளிடம், அந்தக் காலத்தில் நாம் நாடகப் பிரதியைத் தூக்கிக்கொண்டு போலீஸ் அனுமதிக்காக வராண்டாவில் நின்ற கதையைச் சொன்னேன். நம்பவே இல்லை. 1954-ம் வருஷத்துத் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிச் சட்டம் என்று ஒன்று இருந்ததும், எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி வழக்குப் போட்டு, 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று சொன்னதும் அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த மனுஷன் 2018-ல் போய்விட்டார். எந்த வாசலிலும் நிற்காமல் ஓர் ஆட்டோக்காரரும் நர்ஸும் எழுதினதை எழுதின மாதிரியே மேடையில் சொல்ல முடிந்ததில் அவருக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று அவர்களிடம் சொன்னேன்.

டிக்கெட் வைக்கவில்லை. வாசலில் ஒரு பித்தளைக் குடம் வைத்தோம், வாடகையும் விளக்கும் டீயும் அதிலேயே அடங்கிவிட்டது.

சரி, இவ்வளவும் எழுதினதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த முறைக்கான வாசிப்பு தை மாதக் கடைசியில். நீ ஒன்று எழுத வேண்டும். கோயம்புத்தூருக்குப் போய் முப்பது வருஷம் ஆகிவிட்டது என்று சொல்லாதே, செல்லூரில் பிறந்தவன் நீ, எங்கள் கணக்கில் நீ இந்த ஊர் ஆள்தான். உன் அப்பா தறியை விற்ற நாளைப் பற்றி ஒரு தடவை ரயிலில் சொன்னாய், நினைவிருக்கிறதா? மரத்தைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு வீட்டுக்குள் அந்தத் தறிக்குழி மட்டும் அப்படியே இருந்தது, பழக்கத்தில் அப்பா சாயங்காலம் வந்து அதற்குள் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார், அம்மா ஒன்றும் சொல்லாமல் காப்பியைக் கொண்டுவந்து அங்கேயே கொடுத்தார்கள் என்று. அன்றிலிருந்து அது என் மனதில் கிடக்கிறது.

பன்னிரண்டு பக்கம் போதும், கையெழுத்திலேயே அனுப்பு, நான் டைப் அடித்துக்கொள்கிறேன். குழியை எப்படிக் காட்டுவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். இரண்டு பெஞ்சையும் அருகருகே போட்டு நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டால் போதும் என்று நினைக்கிறேன், நேற்று ஹாலில் போட்டு உட்கார்ந்தும் பார்த்துவிட்டேன், கால் சரியாகத் தொங்குகிறது.

அன்புடன்,
உன் நண்பன்