செவ்வாய்க்கிழமையை விட ஏலாது

வெள்ளவத்தை
2025 மே 21, புதன்

அன்புள்ள சிநேகிதி,

பயந்துவிடாதே, எல்லாரும் சுகம். உன்ர பொங்கல் கடிதம் நாலு மாதமாக மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. பதில் போடாதது என்ர பிழை, பேசுவதென்றால் பேசு. இவருக்குச் சீனி கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு முழங்கால் நோ. மகள் தெஹிவளைக்கு வீடு மாறிவிட்டாள். ரேடியோ மாமி உன்னை விசாரித்தவா. பச்சைக் குடை இன்னும் அவவிடம்தான், நீ வந்து நேரே கேட்டால்தான் தருவாவாம். வீட்டுப் புதினம் இவ்வளவும்தான்.

நான் எழுத இருந்தது வேறு. நேற்றுக் கூட்டத்தால் வந்து இராத்திரி முழுக்க நித்திரை இல்லை. உன்னைவிட வேறு ஆரிட்டச் சொல்ல? என்னை இந்த றோட்டரிக் கழகத்துக்குள் இழுத்து விட்டுவிட்டுப் பிளேன் ஏறினவள் நீதானே.

கிழமைக் கூட்டத்தை மாதம் இரண்டாகக் குறைப்போம் என்று ஒரு பிரேரணை வந்திருக்கிறது. கொண்டுவந்தவர் ஆர் தெரியுமோ? பேங்க் அண்ணை! பதினொரு வருடம் ஒரு கூட்டமும் தவறவிடாமல் சட்டையில் றோட்டரிப் பின் குத்திக்கொண்டு திரிந்த அதே பேங்க் அண்ணை. கண்டிக்குக் கல்யாணவீட்டுக்குப் போன இடத்திலும் அந்த ஊர்க் கழகத்துக் கூட்டத்தில் போய்க் குந்தி, இஞ்ச வர ஏலாத கூட்டத்துக்கு ஈடாக “மேக்-அப்” வரவு எடுத்துக்கொண்டு வந்தவர். அவர் வாயால் அது வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர் சொன்ன காரணத்தில் பொய் இல்லை. 2016இலேயே றோட்டரியின் சட்டவாக்க சபை விதியைத் தளர்த்திவிட்டது. மாதம் இரண்டு தரம் கூடினால் போதும். மண்டப வாடகை, தேத்தண்ணி, பட்டிஸ் எல்லாத்தின்ர விலையும் 2022க்குப் பிறகு எங்கேயோ போய்விட்டது. இளம் ஆக்களில் முக்கால்வாசிப் பேர் கனடா, அவுஸ்திரேலியா என்று கிளம்பிவிட்டார்கள். நேற்று அடைமழை, வந்தது ஒன்பது பேர். பெரிய மணியை அடித்துக் கூட்டத்தைத் தொடங்கும்போது வெறுங்கதிரைகளைப் பார்க்க எனக்கே நெஞ்சு அடைத்தது.

ஆனால் கேள். 2022 மார்ச் கடைசி உனக்கு ஞாபகம் இருக்கும், போனில் அழுதனான். 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின கிழமை. அந்தச் செவ்வாய்க்கிழமையும் கூடினோம். மெழுகுதிரி வெளிச்சம், விசிறி இல்லை, பெற்றோல் இல்லாததால் கிருலப்பனையிலிருந்து நடந்து வந்த ஆக்கள். அந்த இருட்டுக்குள் இருந்துதான் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுக்கிற யோசனை வந்தது. கடலையும் சம்பலும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டு நிற்கும்போதுதான் மூன்றாம் வகுப்பு ரீச்சர் சொன்னவா, கன பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில்லை, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள் என்று. அதை நாங்கள் அடுத்த செவ்வாய் கதைத்தோம், அதற்கடுத்த செவ்வாயும் கதைத்தோம். கதைத்துக் கதைத்துக் கடைசியில் கண் பரிசோதனை வைத்தோம். போன வருட ஒக்டோபரில், உலகப் பார்வை தினத்தை ஒட்டி, 38 பிள்ளைகளுக்குக் கண்ணாடி கொடுத்தோம். அந்தப் படத்தை உனக்கு அனுப்பினேன், நீயும் நாலு பூ அனுப்பினாய்.

இனித்தான் நான் சொல்ல வந்தது.

மூன்று கிழமைக்கு முந்தி, சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். 100ஆம் நம்பர் பஸ்ஸில் புறக்கோட்டை, அங்கிருந்து இன்னொரு பஸ். கையில் 38 பேரின் பட்டியல். மூன்று பேர் பள்ளிக்கூடம் மாறிவிட்டார்கள். மிச்சம் 35 பேரில் கண்ணாடியோடு இருந்தது எத்தனை பேர் தெரியுமோ? ஒன்பது.

வகுப்பு வகுப்பாகப் போய் ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டுக் கேட்டேன். ஏழு பேருக்கு ஆணி கழன்று காது பிடிக்கிற கம்பி விழுந்துவிட்டது. அரிசி மணியை விடச் சின்ன ஆணி, அது இல்லாமல் முழுக் கண்ணாடியும் பெட்டிக்குள். ஒரு பொடியன் தையல் நூலால் கட்டிப் போட்டிருந்தான், நூல் கன்னத்தை அறுத்த தழும்பும் இருந்தது. சிலருக்கு பிரேம் பெரிசு. குனிந்தால் மூக்கால் வழுகி விழுகிறது. மலிவாகக் கிடைத்ததென்று பெரியாக்களின் அளவில் வாங்கினது நாங்கள்தான். பெரிய வகுப்புப் பெட்டைகள் இரண்டு பேர் “நாலு கண்ணி” என்ற பட்டத்துக்குப் பயந்து போடுவதில்லை. ஐந்தாறு பேரின் கண்ணாடி வீட்டு அலுமாரிக்குள், துணி சுற்றி, நகையோடு வைத்த மாதிரி. “கோயில் திருவிழாவுக்குப் போடலாம் எண்டு அம்மா எடுத்து வச்சிட்டா மிஸ், உடைஞ்சா இன்னொண்டு வாங்க ஏலாதாம்” என்றது ஒரு பிள்ளை. அந்தத் தாயில் என்ன பிழை? தினக் கூலிக்குப் போகிற மனுசி. விலையான சாமானை நாங்கள் கையில் கொடுத்தோம். எப்படிப் பாவிக்கிறது, உடைந்தால் எங்கே கொண்டுவருவது என்று ஒரு சொல் சொல்லவில்லை.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பொடியன். பெயர் பட்டியலில் இருக்கிறது, முகத்தில் கண்ணாடி இல்லை. எங்கே என்று கேட்டேன். “இன்டர்வலுக்குப் பிறகு தங்கச்சியின்ர நேரம் மிஸ்” என்றான். எனக்கு முதலில் விளங்கவில்லை. காலையில் கண்ணாடி அவனுக்கு, இடைவேளைக்குப் பிறகு தங்கச்சிக்கு. அவள் மூன்றாம் வகுப்பு. மணி அடித்தவுடன் ஓடிப்போய்க் கழற்றிக் கொடுத்துவிட்டு வருகிறான். அவளுக்கும் பலகை தெரிவதில்லை என்று அவனாகவே கண்டுபிடித்து, அவனாகவே பங்கு போட்டிருக்கிறான். அந்தப் பிள்ளையின் கண்ணை ஒருத்தரும் சோதிக்கவில்லையடி. சோதனை வைத்த அன்று அவள் காய்ச்சலில் வீட்டில் நின்றிருக்கிறாள். அண்ணனின் பவர் அவளுக்குச் சரியாக இருக்க எந்த நியாயமும் இல்லை. எட்டு வயசுக் கண் அது. வளர வளரப் பவர் மாறும், வருடத்துக்கு ஒருக்காவாவது பார்க்க வேண்டிய கண். நான் அந்தத் தாழ்வாரத்தில் நின்று அழுதுவிட்டேன். ரீச்சர் தண்ணி கொண்டுவந்து தந்தவா.

இதைத்தான் நேற்றுக் கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன். பட்டியலை வாசித்தேன், ஆணி, நூல், அலுமாரி, தங்கச்சி, எல்லாம். முடிய ஒரு சத்தமும் இல்லை. பிறகு தலைவர், நல்ல பொடியன்தான், மெதுவாகச் சொன்னார்: “அக்கா, அது போன தலைவரின்ர திட்டம். அறிக்கையும் அனுப்பி முடிச்சாச்சு.”

பார், எங்கட நோய் இதுதான். ஜூலை 1 வந்தால் புதுத் தலைவர், புதுப் பதாகை, புதுத் திட்டம். ஒருவரும் பதவியைப் பிடித்துக்கொண்டு இருக்கக் கூடாது என்பதற்காக வைத்த நல்ல ஒழுங்கு அது, நான் மறுக்கவில்லை. ஆனால் திட்டமும் தலைவரோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிடுகிறது. பிள்ளையின் கண் ஜூன் 30ஆம் திகதியோடு முடிகிற சாமானோ?

அதுக்குப் பிறகுதான் பேங்க் அண்ணையின் பிரேரணை வந்தது. எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கத்தவில்லை. போலியோவைப் பற்றிக் கதைத்தேன்.

உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளில் உன்ர மூத்தவனைத் தோளில் போட்டுக்கொண்டு சொட்டு மருந்துக்குப் போய் வரிசையில் நின்றவள் நீ. அந்த ஒரு நாளுக்காக யுத்தத்தில் இரண்டு பக்கமும் துவக்கைக் கீழே வைத்தார்களே. அதற்குப் பின்னால் யுனிசெப்போடு சேர்ந்து ஓடித் திரிந்தவர்களில் எங்கட கே. ஆர். ரவீந்திரனும் ஒருவர், அந்தக் காலம் இலங்கையில் றோட்டரியின் போலியோ வேலைக்குத் தலைமை தாங்கினவர், பிறகு 2015-16இல் உலகத் தலைவராகவும் இருந்தவர். 1993க்குப் பிறகு இந்த நாட்டில் ஒரு பிள்ளைக்கும் போலியோ வரவில்லை. இருந்தும் நிறுத்தினார்களோ? அந்த இரண்டு சொட்டை ஒருக்காக் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தால் ஒரு பலனும் இல்லை. அதே பிள்ளைக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும், வராத பிள்ளையை வீடு தேடிப் போக வேண்டும். எங்கட பிராந்தியத்தைப் போலியோ அற்றது என்று அறிவித்தது 2014 மார்ச்சில். இருபது வருடத்துக்கு மேல் ஒருத்தரும் “அது போன தலைவரின்ர திட்டம்” என்று சொல்லவில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் இருந்தேன். பேங்க் அண்ணை தலையைக் குனிந்துகொண்டு பின்னைத் தடவிக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் வயசு போகிறது, இரவில் பஸ் பிடித்து வீட்டுக்குப் போவது கஷ்டம். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

கூட்டத்தைக் கிழமைக்குக் கிழமை வைக்க வேண்டும் என்று நான் ஏன் இப்படி நிற்கிறேன் என்று நீ கேட்பாய். பட்டிஸ் சாப்பிடவும் விருந்தினர் பேச்சுக் கேட்கவும் என்றால் மாதம் இரண்டு தாராளம். எனக்குக் கிழமை வேண்டும், ஏனென்றால் ஆணி கழன்றால் அது எங்கட காதுக்கு வர ஏழு நாளுக்கு மேல் எடுக்கக் கூடாது. அந்தத் தங்கச்சிக்கு ஏழு மாதம் எடுத்திருக்கிறது. அந்த ஏழு மாதமும் நாங்கள் ஒவ்வொரு செவ்வாயும் கூடினோம், றோட்டரியின் நாலு வினாச் சோதனையை எழும்பி நின்று சொன்னோம். உண்மையோ, சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் நியாயமோ என்று. கூடினது போதவில்லை, கூடின இடம்தான் பிழை என்று எனக்கு இப்போது படுகிறது.

1905 பெப்ரவரி 23, சிக்காகோ. போல் ஹாரிஸும் மற்ற மூன்று பேரும் ஒருவரின் கந்தோரில் கூடினார்கள். அடுத்த முறை இன்னொருவரின் கந்தோர், பிறகு மற்றவரின். சுழன்று சுழன்று கூடினபடியால்தான் றோட்டரி என்ற பெயரே வந்தது. இதைப் புதுசாகச் சேருகிற ஆக்களுக்கு வகுப்பெடுத்தவளே நான். நாங்களோ வருடக்கணக்காக ஒரே மண்டபத்தில், ஒரே கதிரையில். அதுதான் நேற்று இப்படிக் கேட்டேன்: மாதம் நாலு செவ்வாய். இரண்டை மண்டபத்தில் வையுங்கோ. மற்ற இரண்டையும் அந்தப் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் விடுகிற நேரத்துக்கு வைப்போம். மண்டப வாடகை பாதியாகக் குறையும், பேங்க் அண்ணை வெளிச்சத்தோடு வீட்டுக்குப் போகலாம், பிள்ளைகளின் மூக்கையும் காதையும் நாங்களே கண்ணால் பார்க்கலாம். தாய்மாருடன் கதைக்கலாம்.

தலைவர் உடனே ஓம் என்று சொல்லவில்லை. ஜூன் 3ஆம் திகதிக் கூட்டத்தில் வாக்குக்கு விடுவாராம். என்ர கணக்கில் இப்போதைக்கு ஐந்துக்கு நாலு, எங்கட பக்கம்தான் குறைவு. ரேடியோ மாமி கடைசி வரைக்கும் வாய் திறக்கமாட்டா, தெரியும்தானே.

அதனால் உன்னிடம் இரண்டு காரியம். ஒன்று, பேங்க் அண்ணைக்கு ஒரு கடிதம் எழுது. வட்ஸ்அப்பில் இரண்டு வரி போடாதே, கையெழுத்தில் எழுது. படம் பிடித்து அனுப்பு, நான் அச்செடுத்துக் கொடுக்கிறேன். உன்ர சொல்லுக்கு அவர் ஒரு நாளும் மறுப்புச் சொன்னதில்லை. சண்டை பிடிக்கிற மாதிரி எழுதாதே, உனக்கு அந்தப் பழக்கம் இருக்கு. அவர் இல்லாவிட்டால் காலைச் சாப்பாடு ஒரு மாதம் கூட ஓடியிருக்காது, அதையும் எழுது. இரண்டாவது, உன்ர சின்னவனைக் கேட்டுச் சொல்லு: கண்ணாடிக் கம்பியில் மாட்டிக் காதுக்குப் பின்னால் பிடிக்கிற சிலிக்கன் வளையம் அங்கே மொத்தமாக என்ன விலை போகும்? இஞ்ச புறக்கோட்டையில் தேடினேன், பெரியாக்களின் அளவுதான் கிடைத்தது. ஆனி மாதம் வருகிற ஆரின் கையிலாவது கொடுத்து விடலாம்.

வெசாக்குக்கு இரத்ததான முகாமும் நடத்தினோம், நல்லபடி முடிந்தது. எனக்கு 60 தாண்டிவிட்டபடியால் இரத்தம் எடுக்கவில்லை, பதிவு மேசையில் இருத்திவிட்டார்கள். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை அந்தத் தங்கச்சியைத் தேசிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். தாயிடம் போய்க் கேட்டேன். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, நானும் வாறேன் என்று சொல்லிவிட்டா. விடிய ஆறு மணிக்கே போனால்தான் நம்பர் எடுக்கலாம். சனிக்கிழமை பள்ளிக்கூடத்தைத் திறந்து வைப்பதாக ரீச்சர் சொல்லியிருக்கிறா; 1.4 மில்லிமீற்றர் ஆணி நூறும் சின்னத் திருகாணித் திருப்பி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். இவருக்கு இதில் கை நல்லம், பழைய வானொலி எல்லாம் கழற்றிப் பூட்டின ஆள்தானே. அவரும் வாறார்.

3ஆம் திகதிக்கு முதல் பதில் வரவேண்டும்.

அன்புடன்,
உன்ர செயலாளர்