நாணல் பாம்புக்குப் பெயர் வைக்கத் தோள் கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

எங்கள் ஆய்வுக் கட்டுரையை இதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது. அச்சில் வந்ததும் மலைக்காட்டு நாணல் பாம்புகளில் (Macrocalamus பேரினம்) இன்னொரு இனம் கணக்கில் சேரும். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்ல எனக்குக் கிடைத்தது சில வரிகள்தான், அதுவும் ஆங்கிலத்தில். அதில் பெயர் வந்தவர்களில் பாதிப் பேர் அதைப் படிக்கப் போவதில்லை. பெயர் வராதவர்களோ அதைவிட அதிகம். அதனால்தான் கோலாலம்பூரிலிருந்து இந்த மடல்.

புது இனத்தின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். விலங்குப் பெயரிடலுக்கான பன்னாட்டு விதிப்படி, விளக்கத்தோடு முறையாக வெளியானால்தான் பெயர் செல்லும். முன்னாடியே வாய்விட்டால் குழப்பம்தான் மிஞ்சும். கேமரன் மலை வட்டாரம் என்பது வரை சொல்லலாம். எந்தச் சரிவு, எந்த ஓடை என்பது வேண்டாம். அபூர்வப் பாம்புக்கு விலை பேசுகிறவர்களும் ஆய்வுக் கட்டுரை படிக்கிறார்கள்.

முதலில் லோரி அண்ணன். மலையிலிருந்து செலாயாங் மொத்தச் சந்தைக்குக் கோஸ் ஏற்றி வருபவர். சாலையில் அடிபட்டுக் கிடந்த, ஒரு முழம்கூட இல்லாத பாம்பை நாளிதழில் சுற்றி எடுத்து வந்து, "தம்பி, இது உங்களுக்கு ஆகுமா பாருங்க" என்று நீட்டினார். நாளிதழ் ஓரத்தில் தேதி, எந்தக் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கம், மழையா வெயிலா, எல்லாம் பேனாவில் எழுதியிருந்தார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. எங்கே கிடைத்தது என்று தெரியாத பாம்பை வைத்துக்கொண்டு வகைப்பாட்டில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அண்ணே, நீங்கள் எழுதிய அந்த வரி கட்டுரையில் அப்படியே இருக்கிறது, மழை உட்பட.

அப்புறம் எங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போன செமாய் பழங்குடிப் பெரியவரும் அவர் மகனும். அவர்களுக்கு மலாயில் தனியாக எழுதிவிட்டேன். ஆனாலும் ஒன்றை இங்கேயும் பதிவு செய்ய வேண்டும். இந்தப் பாம்புகள் மட்கிய கட்டைக்கு அடியிலும் சருகுக்குள்ளும் ஒளிந்து வாழ்பவை. கட்டையைப் புரட்டினால் அதே இடத்தில், அதே பக்கம் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும் என்பதில் பெரியவர் ரொம்பக் கண்டிப்பு. எங்கள் மாணவர் ஒருவர் அவசரத்தில் அப்படியே போட்டுவிட்டு நகர, பெரியவர் ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்து போய்ச் சரிசெய்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் யாருக்கும் அதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அனுமதிக் கடிதங்களுக்கு நான் நடையாய் நடந்தபோது பொறுமையாக இருந்த பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அலுவலர்களுக்கும் நன்றி. 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை எனக்குப் புரியும்படி விளக்கிய அந்த அம்மையாருக்குக் கூடுதலாக ஒன்று.

பாம்பைக் கண்டுபிடித்தது கதையின் சின்னப் பகுதிதான். இது வேறு எதுவும் இல்லை என்று நிரூபிப்பதில்தான் காலம் போனது. இந்த மலைக்காட்டு நாணல் பாம்புகளில் இதுவரை பெயர் பெற்றவை எட்டு இனங்கள். எல்லாமே தீபகற்ப மலேசியாவுக்கே உரியவை. 1864-இல் குந்தர் விவரித்தது, 1972-இல் பெனோம் மலையிலிருந்து வந்தது, 2002-இல் நோர்ஷாம் யாக்கோப்பும் லிம் பூ லியாட்டும் கெந்திங் மலையிலிருந்து அறிமுகப்படுத்தியது என்று ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். குளிர்ந்த மலையுச்சிக் காடுகளுக்கு நடுவே சூடான பள்ளத்தாக்குகள் கிடக்கின்றன. குளிருக்குப் பழகிய பாம்பு அதைத் தாண்டி அடுத்த மலைக்குப் போவது கடினம். காலம் போகப் போக இரண்டு மலைப் பாம்புகளும் வேறாகிவிடும். ஆனால் எல்லா மலையிலும் அப்படி நடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு பெயர் வைக்கக் கூடாது. சின்ன வேறுபாட்டுக்கெல்லாம் புது இனம் என்று கொடி தூக்குவது எனக்கு உவப்பில்லாத பழக்கம்.

பழைய மாதிரிகளின் வயிறு, தலை, வால் என்று ஒவ்வொரு பக்கத்தையும் அளவுகோல் வைத்துப் படம் பிடித்து அனுப்பிய அருங்காட்சியகப் பணியாளர்களே, உங்கள் படங்கள் இல்லையென்றால் எனக்கு லண்டனுக்கு விமானச் சீட்டு வாங்க வேண்டியிருந்திருக்கும். ஃபார்மலினில் நெடுங்காலம் ஊறியவற்றிலிருந்து மரபணு எடுப்பது பெரும்பாடு, அதனால் பழையவற்றுக்குச் செதில்தான் சாட்சி.

அந்தச் செதில்களை எண்ணிய என் அக்கா மகளை எப்படி விட முடியும்? வயிற்றுச் செதிலை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதற்கே 1951-இல் டவ்லிங் வகுத்த முறை இருக்கிறது. முதுகுச் செதிலின் முதல் வரிசை இரண்டு பக்கமும் தொட்டிருக்கும் செதில்தான் ஒன்று. அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, எந்தப் பாம்பு எந்த ஊர் என்று தெரியாமல் மறைத்து, நான் எண்ணியதையே அவளை மறுபடி எண்ணச் சொன்னேன். கல்லூரிப் பிள்ளை, சனிக்கிழமை சினிமாவை விட்டுவிட்டு நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தாள். "மாமா, இதுக்கு வால் வேற மாதிரி இருக்கே" என்று கேட்டது அவள்தான். ஆண் பாம்புக்கு வால் நீளம், வாலடிச் செதிலும் அதிகம். ஆணை ஆணோடும் பெண்ணைப் பெண்ணோடும்தான் ஒப்பிட வேண்டும்.

இதழுக்காகக் கட்டுரையைப் படித்துப் பார்த்த, பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவரும் அதையேதான் பிடித்துக்கொண்டார். பெண் பாம்பு ஒன்றாவது காட்டு, அப்புறம் பேசலாம் என்று திருப்பி அனுப்பினார். அன்றைக்கு வந்த எரிச்சலை மறைக்கவில்லை. ஆனால் அதற்காக மறுபடி மலையேறியதில்தான் கட்டுரை உறுதியானது. ஐயாவோ அம்மாவோ, யாராக இருந்தாலும் நன்றி.

கடைசியாக, செந்தூல் வீட்டில் என் அம்மா. ஆய்வுக்கூடம் பூட்டியிருந்த ஒரு பண்டிகை விடுமுறையில், லோரி அண்ணன் கொடுத்த பொட்டலம் எங்கள் வீட்டு ஐஸ் பெட்டியில்தான் இருந்தது, மூன்று பை சுற்றி, டப்பாவுக்குள். விஷமில்லாத பாம்பு என்று நான் விளக்கியது அவர் காதில் ஏறவே இல்லை. மீனையெல்லாம் எடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "முடிஞ்சதும் பெட்டிய நீயே கழுவிடு" என்றார். கழுவினேன். அதற்குப் பிறகும் அவர் ஒருமுறை கழுவினார்.

இதழ் வெளிவந்ததும் எல்லோருக்கும் பிரதி வரும், கூடவே தமிழில் இரண்டு பக்கச் சுருக்கமும். லோரி அண்ணனுக்குச் சந்தையிலேயே நேரில் கொண்டு வந்து தருகிறேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒன்று உண்டு. மீனைத் திருப்பிக் கேட்கவில்லை.