உன் தோழிக்கான விசா விவரம்

குன்னூர்
ஜூலை 2025

அன்புக் கவிதாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மழை சாரலோடு நின்றுவிடுகிறது, காற்றுதான் ராத்திரி முழுக்க ஓட்டைப் பிய்க்கிற மாதிரி அடிக்கிறது. பேரிக்காய் வர ஆரம்பித்துவிட்டது. பச்சைத் தேயிலை விலையைப் பற்றி எழுத நல்லதாக ஒன்றும் இல்லை.

போனில் நீ ஒன்று கேட்டாய். பாகிஸ்தான் பாஸ்போர்ட் வைத்திருக்கிற தோழி ஒருவர் நம் ஊருக்கு வர வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் "சும்மாதான் கேட்டேன்மா" என்று பேச்சை மாற்றிவிட்டாய். அதற்கப்புறம் வாட்ஸப்பில் ஒரு கும்பிடு போட்ட கை மட்டும் வருகிறது. எஸ்.பி. ஆபீசில் வெளிநாட்டவர் பதிவுப் பிரிவில் வேலை பார்த்தவள் என்றுதானே என்னிடம் கேட்டாய்? கேட்டதற்கு முழுப் பதில் தராமல் எனக்குத் தூக்கம் வராது. பொறுமையாகப் படி.

இன்றைய தேதிக்கு வர முடியாது. ஏப்ரல் 22ஆம் தேதி பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாளே அட்டாரி எல்லையை மூடி, சிந்து நதி ஒப்பந்தத்தையும் நிறுத்தி வைத்தார்கள். 1965, 1971, கார்கில் என்று எல்லாச் சண்டையிலும் தப்பித்து வந்த 1960ஆம் வருஷத்து ஒப்பந்தம் அது. 24ஆம் தேதி விசா கொடுப்பது நின்றது. 27ஆம் தேதியிலிருந்து, ஏற்கனவே கையில் இருந்த விசாவும் செல்லாது. வைத்தியத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் 29 வரை. மே 7 நம் தாக்குதல், மே 10 சாயங்காலம் 5 மணிக்குச் சண்டை நிறுத்தம். குண்டு நின்றது, காகிதம் எதுவும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வான்வெளித் தடையை இரண்டு பக்கமும் மாதாமாதம் நீட்டிக்கொண்டே போகிறார்கள். நீ டிசம்பரில் ஏர் இந்தியாவில் டெல்லி வழியாக வருவதாக இருந்தால், விமானம் சுற்றிக்கொண்டுதான் வரும். கோயம்புத்தூர் விமானத்துக்கு நடுவில் தாராளமாக நேரம் விட்டு டிக்கெட் போடு.

நிலைமை சரியான பிறகு என்றாலும் லேசில்லை. 2012 செப்டம்பரில் போட்ட விசா ஒப்பந்தம்தான் கடைசி. அதன்படி சொந்தக்காரர், நண்பரைப் பார்க்க வருகிறவருக்கு ஐந்து ஊர் வரை எழுதிக் கொடுப்பார்கள். எழுதாத ஊருக்குப் போகக் கூடாது. வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிவு, ஊரை விட்டுக் கிளம்பும்போது மறுபடி தகவல். 65 வயது தாண்டியவருக்கும் 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கும் விலக்கு உண்டு. வீட்டில் தங்க வைக்கிறவர்களும் தனியாகத் தகவல் தர வேண்டும். கண்டோன்மென்ட் பகுதிக்கு அந்த விசா செல்லாது. நம் இடத்தை நினைத்துப் பார். ஊட்டி போகிற வழியில் வெலிங்டன் கண்டோன்மென்ட், அதைத் தாண்டினால் அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரி. இந்த முகவரியை எழுதிக் கொடுத்தால் விசாரணை நீளும். லண்டனில் மனுக் கொடுத்தாலும் கோப்பு டெல்லி போய் அனுமதி வாங்கித்தான் திரும்பும்.

உன் தோழி பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு மாறியவர் என்றால் கொஞ்சம் வழி உண்டு. ஆனால் எல்லோரும் போடுகிற இ-விசா பாகிஸ்தான் பூர்வீகம் உள்ளவருக்குக் கிடையாது. சாதாரண விசாவுக்கு நேரில் மனுக் கொடுக்க வேண்டும், வாரக் கணக்கில் ஆகும். பாகிஸ்தான் குடியுரிமையை விட்டுவிட்டார் என்றால் அந்தச் சான்றிதழ் வேண்டும். அப்பா அம்மா பிறந்த விவரத்தை மறைத்து இ-விசா வாங்கி வருகிறவர்கள் இறங்கின இடத்திலிருந்தே திரும்ப வேண்டியிருக்கும். அந்த வேலை மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே இருக்கிற பாகிஸ்தான் பெண்ணுக்கு நீண்ட கால விசா என்று ஒரு பிரிவு உண்டு. ஏப்ரலில் எல்லாவற்றையும் ரத்து செய்தபோதும் அதைத் தொடவில்லை. அது மனைவிக்குத்தான். கணவனுக்கு அந்தப் பிரிவு இல்லை. நீ தோழி என்று சொன்னதால் எழுதினேன். ஆணாக இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்.

நீ கேட்காததையும் எழுதுகிறேன், கோபிக்காதே. குடியுரிமைச் சட்டம் 7ஏ பிரிவு. ஒருவரோ, அவருடைய அப்பா அம்மாவோ, தாத்தா பாட்டியோ, கொள்ளுத் தாத்தா கொள்ளுப் பாட்டியோ பாகிஸ்தான் குடிமகனாக இருந்திருந்தால் அவருக்கு ஓசிஐ கார்டு, அதாவது வெளிநாட்டு இந்தியர் அட்டை, கிடையாது. இந்தியரைக் கட்டிக்கொண்டாலும் கிடையாது. பிறக்கிற குழந்தைக்கும் கிடையாது. தாத்தா 1947க்கு முன்னால் லாகூரில் பிறந்து இந்தப் பக்கம் வந்து குடியேறியவர் என்றால் தடையில்லை. நம் பக்கத்து லூதியானாவில் பிறந்து அந்தப் பக்கம் போய் அந்த நாட்டுக் குடிமகன் ஆகியிருந்தால் தடைதான். பிறந்த ஊர் இல்லை, குடியுரிமைதான் கணக்கு.

ஆகவே உன் இந்தியப் பாஸ்போர்ட்டை விட்டுவிடாதே கண்ணு. பிரிட்டனில் நிரந்தர வசிப்பு ஐந்து வருஷம் என்றிருந்ததைப் பத்தாக்கப் பேசுகிறார்கள் என்று படித்தேன். அவசரத்தில் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினால் அந்த நிமிஷமே இந்தியக் குடியுரிமை போய்விடும், ஒன்பதாம் பிரிவு. அப்புறம் உனக்கு ஓசிஐ கிடைக்கும், சரி. தாய் இந்தியக் குடிமகளாக இருக்கும்போது வெளிநாட்டில் பிறந்த குழந்தையை, பிறந்த ஒரு வருஷத்துக்குள் நம் தூதரகத்தில் பதிந்தால் அது இந்தியக் குழந்தை. வேறு பாஸ்போர்ட் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வருஷம் தாண்டினால் மத்திய அரசு அனுமதி இல்லாமல் பதிய மாட்டார்கள். தாய் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்ட பிறகு பிறந்தால் இந்த வழியே அடைபட்டுப்போகும். பேரன் பேத்தி விசாவுக்கு வரிசையில் நின்று பாட்டி வீட்டுக்கு வருவதை என்னால் நினைக்கவே முடியவில்லை. பாஸ்போர்ட்டை விட்டுவிடாதே.

அட்டாரியில் அந்த வாரம் நடந்ததைப் பார்த்திருப்பாய். அங்கே வாழ்க்கைப்பட்டு, அம்மா வீட்டைப் பார்க்க வந்த பெண்கள் கையில் நீல அட்டை, நம் பாஸ்போர்ட். இடுப்பில் இருந்த பிள்ளைக்குப் பச்சை அட்டை, பாகிஸ்தான் பாஸ்போர்ட். பச்சை அட்டைக்குத்தான் வழி விட்டார்கள், நீல அட்டை நில் என்றார்கள். நோரி என்கிற தனி விசா வாங்கியிருந்தவர்களையும் முதலில் நிறுத்திவிட்டார்கள். அந்த அதிகாரிகளைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் கையில் இருந்தது உத்தரவு. ஒரு உத்தரவு எப்படி எழுதப்படும், எந்த வரியில் ஒரு குடும்பம் விடுபட்டுப்போகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயம்.

சீக்கிரம் சரியாகிவிடும் என்று உன் வயதில் தோன்றும். 1999 பிப்ரவரியில் வாஜ்பாய் பஸ்ஸில் லாகூர் போனார், மே மாதம் கார்கில். 2015 கிறிஸ்துமஸ் அன்று மோடி லாகூரில் இறங்கினார், ஜனவரி 2 பதான்கோட் தாக்குதல். பேச்சு தொடங்குவது பிடிக்காதவர்கள் அந்தப் பக்கம் எப்போதும் இருக்கிறார்கள். ஒரு பிரதமர்கூட அங்கே ஐந்து வருஷம் முழுசாக இருந்ததில்லை. இம்ரான் கான் 2022இல் பதவி இழந்து 2023 ஆகஸ்டிலிருந்து ஜெயிலில் இருக்கிறார். இந்த மே சண்டைக்கு அப்புறம் ராணுவத் தளபதி முனீர் ஃபீல்டு மார்ஷல் ஆகிவிட்டார். சண்டை வந்தால் யாருக்கு அங்கே பலம் கூடுகிறது என்று பார்த்துக்கொள். நம் பக்கமும் பாகிஸ்தான் பெயரைச் சொல்லாமல் ஒரு தேர்தல் போகிறதா? 2019 பிப்ரவரியில் புல்வாமா, பாலகோட், ஏப்ரலில் ஓட்டு. ஆகஸ்ட் 5ஆம் தேதி காஷ்மீருக்கான 370ஆவது பிரிவு போனது, அவர்கள் நம் தூதரைத் திருப்பி அனுப்பினார்கள், சம்ஜௌதா ரயிலும் லாகூர் பஸ்ஸும் அந்த மாதமே நின்றன. ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் தூதர் இல்லை. ஓட்டு வாங்கித் தருகிற விரோதத்தை இரண்டு அரசும் சுலபத்தில் கைவிடாது. ஆகவே எந்த முடிவு எடுத்தாலும் விசா கிடைக்கும் என்ற நம்பிக்கையில் எடுக்காதே. கிடைக்காது என்று வைத்துக்கொண்டு எடு.

எனக்கு அந்த ஜனங்கள் மேல் வெறுப்பு இல்லை. வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜே குவெட்டாவிலிருந்து பிரிந்து வந்ததுதான். இன்றைக்கும் இங்கே வாசலில் ஆந்தைச் சின்னம், குவெட்டாவிலும் ஆந்தை. 1971இல் அவர்களைத் தோற்கடித்த மானெக்‌ஷா படித்ததும் குவெட்டாவில்தான், கடைசியில் குடியிருந்தது நம் குன்னூரில். ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டார்கள்.

ஆனால் அப்பா வேறு. கூடத்தில் மணி மாமா படம், அதற்குக் கீழே டிவி. மே மாதம் முழுக்க நியூஸ் சேனலை மாற்றவே விடவில்லை. அவரிடம் உன் கேள்வியை நான் சொல்லவில்லை. சொல்லவும் தெரியவில்லை. நீயாகப் பேசும்போது முதலில் என்னிடம் பேசு, அவரிடம் எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதே.

அந்த ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்த்து வீட்டுக் கடனையும் அடைத்தாய், நம் குடும்பத்தில் யாரும் போகாத தூரம் தனியாகப் போனாய். உன் புத்தியில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. அப்படிப்பட்ட பிள்ளை அம்மாவிடம் ஒரு விஷயத்தைச் சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டு மூன்று வாரமாகப் பேசாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நேராகக் கேட்டிருந்தாலும் இதே பதிலைத்தான் எழுதியிருப்பேன்.

எனக்கு நீ எழுத வேண்டியது இவ்வளவுதான்: உன் தோழி இப்போது வைத்திருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட், அவருடைய அப்பா அம்மா, தாத்தா பாட்டி எந்த நாட்டுக் குடிமக்கள். இது தெரிந்தால் என்ன மனு, எங்கே கொடுப்பது, எத்தனை வாரம் ஆகும் என்று நான் விசாரித்துச் சொல்கிறேன். படிவத்தில் பெயர் வேண்டும். பெயரையும் எழுது.

அன்புடன்
அம்மா